அறிக்கையில் ஒரு வரி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். எல்லோருக்கும் அக்கா. விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளை மெஷினில் நிறுத்தும் பொத்தான் பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. மேற்பார்வையாளரிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் சட்டைக்கை உருளையில் மாட்டியது. அக்கா பாய்ந்து அவளை இழுத்துவிட்டாள். அந்த வேகத்தில் அக்காவின் கை உள்ளே போய்விட்டது. மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. விசாரணை அறிக்கையில் "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்று எழுதி, வேலையை விட்டும் நிறுத்தினார்கள்.

வீட்டுக்குப் பார்க்க வந்த போதகர், "இது கர்த்தர் உங்களுக்குக் கொடுத்த சிலுவைம்மா. பொறுமையா சுமங்க" என்றார்.

"பொத்தானை ரிப்பேர் பண்ணாம விட்டது கர்த்தர் இல்லைங்க ஐயா" என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணை இழுத்தது நானா மனசார செஞ்சது. அதை வேணா சிலுவைன்னு சொல்லுங்க, இன்னொரு தடவையும் செய்வேன். அவங்க எழுதின பொய்யை நான் ஏன் சுமக்கணும்? இயேசு மேலயும் பொய்ச்சாட்சிதான் சொன்னாங்க. அதை நியாயம்னு நீங்க பிரசங்கம் பண்றதில்லையே."

போதகர் திங்கட்கிழமை அவளோடு தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனார். அந்தப் பெண்ணும் வந்து, வேலை போனாலும் போகட்டும் என்று நடந்ததைச் சொன்னாள்.

எட்டு மாதம் கழித்து அறிக்கையிலிருந்து அந்த வரியை நீக்கினார்கள். அக்காவுக்கு அதே சலவைக்கூடத்தில், வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியை வாங்கிக்கொள்ளும் கவுண்டரில் வேலை கிடைத்தது. குளிர் நாளில் கை இன்னும் வலிக்கிறது. ஏன் என்று ஜெபத்தில் கேட்பதை அவள் நிறுத்தவில்லை.