கொல்லிமலை பஸ்ஸில் மூன்றாவது கை

“சார், எல்லா டிரைவரும் பாஸ். ஒருத்தர்கூட ஃபெயில் இல்ல. நீங்க கையெழுத்து போட்டீங்கன்னா ஆர்டர் போயிடும்.”

சோதனையின் மூன்றாம் நாள் காலை, கொல்லிமலையின் அரியூர் நாட்டில் ஒரு டீக்கடை வாசலில் நான் நிற்கும்போது போனில் வந்த குரல் இது. பேசியவர் கருவியை விற்கும் கம்பெனியின் மேனேஜர். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருட சர்வீஸில் எல்லாரும் பாஸான சோதனையை நான் பார்த்ததே இல்லை.

போக்குவரத்துக் கழகம் பெரிய கருவி எதையாவது வாங்குவதற்கு முன், அதை வைத்துக்கொண்டு மாரடிக்கப் போகிற ஆளால் சமாளிக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இந்த முறை வந்தது மலை பஸ்களுக்கான எச்சரிக்கைக் கருவி. கொண்டை ஊசி வளைவுகளில் கம்பம் நட்டு சென்சார் வைத்திருந்தார்கள். எதிரே வண்டி வந்தால் டிரைவர் முன்னால் உள்ள திரையில் சிவப்பு விளக்கு எரியும், பீப் அடிக்கும். பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அவர் மூன்று நொடிக்குள் ஒரு பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். கம்பெனி இதைத் தன் ஆபீஸிலேயே, நாற்காலியில் உட்கார்ந்த தன் ஆட்களை வைத்தே சோதித்து முடித்திருந்தது. மலையில் ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும் என்று நான் அடம்பிடித்ததில் மேனேஜருக்கு என்மேல் கடுப்பு.

சோதனைக்கு ஒரு ஃபாரம் கொடுத்தனுப்பியதோடு சரி, முதல் இரண்டு நாள் நான் பஸ்ஸில் ஏறவில்லை. அதிகாரி பக்கத்தில் இருந்தால் டிரைவர்கள் பதறுவார்கள் என்று, கருவியில் பதிவான எண்களை மட்டும் பார்த்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. அந்தப் போனுக்குப் பிறகுதான் சாதாரணப் பயணிபோல ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன்.

டிரைவர் பெயர் சின்னராசு, கண்டக்டர் தங்கவேல். பஸ் இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவில் பீப் அடித்ததும், டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த தங்கவேல் பாதியில் விட்டுவிட்டு முன்னால் ஓடினார். இன்ஜின் மூடிமேல் ஒரு காலை வைத்து, எட்டிப் பச்சைப் பட்டனை அழுத்தினார். அடுத்த வளைவிலும் அதே ஓட்டம். அதற்கப்புறம் அவர் பின்னால் வரவே இல்லை.

அந்த மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் பின்படியில் நின்று விசில் கொடுப்பார். அந்த விசிலை நம்பித்தான் டிரைவர் ஸ்டீயரிங் ஒடிப்பார்.

பாதி மலையில், சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து நின்றது. சின்னராசு பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். விசில் இல்லை. தங்கவேல் முன்னால் பட்டனில் விரலை வைத்தபடி நிற்கிறார். என் பக்கத்தில் மிளகு மூட்டையோடு இருந்த அம்மா ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தவர், பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டினார்.

“ஏனுங்க டிரைவரு! நிறுத்துங்க சாமி! செவுத்துல மோதப் போவுது!”

பஸ் நின்றது. இறங்கிப் பார்த்தேன். தடுப்புச் சுவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே என் கை நுழையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். எனக்குக் கோபம் வந்தது.

“பட்டனை அழுத்த வேண்டியது டிரைவர்தானே? நீங்க ஏன் அழுத்துறீங்க?” என்று, நான் யார் என்பதையும் சொல்லி, தங்கவேலைப் பார்த்துக் கத்தினேன்.

பதில் சின்னராசுவிடமிருந்து வந்தது. “வளைவுல ஒரு கை ஸ்டீயரிங்ல, ஒரு கை கியர்ல இருக்குதுங்க. பட்டனுக்கு மூணாவது கைக்கு நான் எங்கீங்க போறது?”

“இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே?”

தங்கவேல் தயங்கினார். “நீங்க குடுத்த ஃபாரத்துல அண்ணன் பேரு போட்டு, பக்கத்துல பாஸு, ஃபெயிலுன்னு இருந்துச்சுங்களே. ஃபெயிலானா மெமோ வருமுங்க. அதான் எல்லா பஸ்ஸுலயும் கண்டக்டருங்களே அழுத்தீட்டோம்.”

அந்த ஃபாரத்தை அச்சடித்துக் கொடுத்தவன் நான். யாரைத் திட்டுவது?

மேனேஜருக்குப் போன் செய்து பட்டனை எடுக்கச் சொன்னேன்.

“பட்டன் இல்லன்னா டிரைவர் பாத்தாரான்னு எப்படி சார் தெரியும்?”

“பாத்தா பிரேக் போடுவார், ஹாரன் அடிப்பார். அதப் பதிவு பண்ணுங்க.”

“எங்க ஆளுங்க எல்லாரும் கரெக்டாதான சார் அழுத்துனாங்க? வேணும்னா இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணுங்க.”

பண்ணினேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: பயந்துபோன ஆள், உடைந்த கருவியையும் தோளில் தூக்கிப் பாஸாக்கிவிடுவான். சோதனை ஆளுக்கா, கருவிக்கா என்பதை ஃபாரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். எண்களை நம்பி டீக்கடையில் உட்காராதீர்கள்.

புது ஃபாரத்தில் டிரைவர் பெயருக்கு இடமே வைக்கவில்லை. கருவியின் நம்பர் மட்டும். சின்னராசு அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “அப்ப எனக்கு ஒண்ணும் வராதுங்களா?” என்று கேட்டார். வராது என்றேன். வளைவுக்கு வளைவு பீப் தொண்டை கிழியக் கத்தியது. பட்டனை அழுத்த அவர் கையை எடுக்கவே இல்லை. வழி விடப் பின்னால் எடுத்தபோது பின்படியிலிருந்து தங்கவேலின் விசில் கேட்டது. அடிவாரத்தில் இறங்கி, கருவி நம்பருக்கு எதிரே ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.