ஸ்டிக்கர் அக்காவின் மூன்றே சொச்சம்

அந்தப் பல்கலைக்கழகத்தின் மாலைநேரப் பிரிவில் இரண்டே பட்டப்படிப்புகள்தான்: அரசியல், பொருளாதாரம். நாற்பத்து நான்கு வயதில் விண்ணப்பமும் கையுமாக வந்து நின்றவரிடம், எது வேண்டும் என்று சேர்க்கைப் பிரிவு எழுத்தர் கேட்டார். அரசியல்தான் வீட்டில் வேண்டிய மட்டும் நடக்கிறதே, இல்லாததைப் படிப்போம் என்று பொருளாதாரத்தை எடுத்துக்கொண்டார் அக்கா.

பகலில் அவருக்குச் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை வெள்ளை விளக்கின் கீழ் விரித்து, காலர், கைப்பட்டி, பட்டன், பக்கத் தையல் என்று விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே தையல் விட்டிருக்கிறதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பதினோராம் வகுப்பின் நடுவில் "ஒரு ஆறு மாசம் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போன வேலை. அந்த ஆறு மாசம் இருபத்தேழு வருஷமாகியும் முடிந்தபாடில்லை.

மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய அதே வருஷம் அம்மாவும் தனியாக எழுதித் தேறினார். மகளைவிட நான்கு மதிப்பெண் குறைவு. "வேணும்னுதான் குறைச்சு எழுதினேன், பிள்ளை மனசு நோகக் கூடாதுல்ல" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் கண்ணாடிச் சுவர் வைத்த தனியார் கல்லூரிக்குப் போனாள். அம்மா, காரை உதிர்ந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

வந்த முதல் நாளே மூன்றாவது பெஞ்சின் ஆணி அவருடைய கைப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அக்கா ஆணியைத் திட்டவில்லை. பைக்குள்ளிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து, ஆணிக்கு நேரே ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டிவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் எரியாத டியூப் லைட்டின் சுவிட்சுக்கு ஒன்று. அதற்கடுத்த நாள் மூடாத ஜன்னலுக்கு ஒன்று. ஒரே மாதத்தில் அந்த வகுப்பறைக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. பகலெல்லாம் பார்சல் கொடுத்துவிட்டு மாலையில் படிக்க வரும், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான கூரியர்தான் "ஸ்டிக்கர் அக்கா" என்று பெயர் வைத்தார். வகுப்பில் மொத்தம் முப்பத்தொரு பேர். எல்லாருக்கும் அவர் அக்காதான், உடன் படிக்கும், அவரைவிட ஏழு வயது மூத்த வாட்ச்மேன் உட்பட.

குறை சொல்லியே பழகியவருக்கு அந்த இடத்தின் மேல் ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாணவர் அடையாள அட்டையைத் தொழிற்சாலைக்குள்ளும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவர் அவர். "இது எதுக்கும்மா இங்க?" என்று மேற்பார்வையாளர் கேட்டதற்கு, "கழட்டினா காணாமப் போயிடும் சார்" என்றார். இருபத்தேழு வருஷத்தில் அக்கா எதையும் தொலைத்ததில்லை என்பது மேற்பார்வையாளருக்கும் தெரியும்.

இரண்டாம் ஆண்டின் நடுவில் வந்தது மாணவர் திருப்திப் படிவம்.

கேள்விகள் இருபத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை போடலாம். ஐந்து என்றால் மிகவும் திருப்தி, ஒன்று என்றால் திருப்தியே இல்லை. கூடவே ஒரு கடிதமும் வந்திருந்தது. சராசரி மூன்றுக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு முதல் மாலைநேரப் பொருளாதாரத்துக்கு மூடுவிழா. படித்துக்கொண்டிருப்பவர்கள் விரும்பினால் பகல் வகுப்புக்கு மாறிக்கொள்ளலாமாம். பகலில் வர முடிந்தால் அவர்கள் ஏன் மாலையில் வரப் போகிறார்கள் என்பதைக் கடிதம் எழுதியவர் யோசிக்கவில்லை. யோசிப்பது அவர் பிரிவில் இல்லை போலும்.

துறைத்தலைவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். நல்ல மனிதர். கரும்பலகையில் எழுதினால் கோழி கிளறியதுபோல் இருக்கும், பேசினால் தேன்.

"இங்க பாருங்கப்பா. நான் யாருக்கும் எதுவும் சொல்லித் தரல. ஆனா எல்லாக் கேள்விக்கும் அஞ்சு போட்டீங்கன்னா நமக்கு நல்லது."

"இதுக்குப் பேரு சொல்லித் தராததா சார்?" என்றார் கூரியர்.

"நீ பேசாம அஞ்சு போடுப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் கையைத் தூக்கினார். "சார், கழிப்பறைக்குமா அஞ்சு?"

பெண்கள் கழிப்பறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. உள்ளே ஒருவர் போனால் வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். அந்தக் காவலில்தான் அக்காவும், அதே வகுப்பில் படிக்கும் நர்ஸும் சிநேகிதமானார்கள்.

துறைத்தலைவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "கழிப்பறைக்கும்தாம்மா" என்றார்.

வீட்டில் வந்து சொன்னபோது, கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்பு சொல்லிவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"ஊரோட ஒத்துப் போயேன்மா. நீ ஒருத்தி ஒண்ணு போட்டு என்ன கோட்டையைப் பிடிக்கப் போற?"

"என்னங்க, லிஃப்ட்டைப் பார்க்காமலே எல்லாம் சரின்னு கையெழுத்து போடுவீங்களா?"

"அதெப்படிப் போடுவேன்? ஆளுங்க ஏறிப் போறாங்கல்ல."

"இதுலயும் ஆளுங்கதான் ஏறிப் போறோம்."

"அதுக்காக? மூடிட்டா என்ன பண்ணுவ?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மகள் குறுக்கே புகுந்தாள். "எங்க காலேஜ்ல தொண்ணூத்தெட்டு சதவீதம் திருப்திம்மா. நாங்க யாரும் ஃபார்மைப் பார்த்ததே இல்ல. அவங்களே போட்டுப்பாங்க."

"அடுத்த மாசம் ஃபீஸையும் அவங்களையே கட்டிக்கச் சொல்லு" என்றார் கணவர்.

படிவம் நிரப்பும் நாளன்று கணினி அறையில் அக்காவுக்குப் பக்கத்து இருக்கை கூரியருக்கு. டிக், டிக், டிக் என்று இருபத்து நான்கு ஐந்துகளை ஒன்றரை நிமிஷத்தில் தட்டிவிட்டு, பார்சலுக்குக் கையெழுத்து வாங்கியவர்போல் எழுந்தார். மற்றவர்களும் அப்படியே. பத்து நிமிஷத்தில் அறை காலி. அக்கா முதல் கேள்வியிலேயே இருந்தார்.

ஐந்து போடத்தான் உட்கார்ந்தார். முதல் கேள்விக்குப் போட்டும் விட்டார். அதைத் தாண்டி விரல் நகரவில்லை. தொழிற்சாலையில், ஒரு குறைகூட இல்லாமல் வரும் செக்கிங் ஷீட்டை அவர் நம்பவே மாட்டார். நானூறு சட்டையும் சரி என்று எழுதிக் கொடுத்தால், சட்டை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, செக்கர் தூங்கினாள் என்று அர்த்தம். புதிதாக வரும் பெண்களிடம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவர் அவர். இப்போது தானே தூங்குவதா?

போட்ட ஐந்தை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நூலகத்துக்கு ஒன்று. அது ஐந்து மணிக்கு மூடுகிறது, வகுப்பு ஆறு மணிக்குத் தொடங்குகிறது. ஒன்றரை வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் அதன் பூட்டைத்தான். வெளிச்சத்துக்கு இரண்டு. கழிப்பறைக்கு ஒன்று. அதைவிடக் கீழே போட இடமில்லாததால் ஒன்று.

'ஆசிரியர்கள் வகுப்பை ஆர்வத்தோடு நடத்துகிறார்களா?' என்ற கேள்வியில் கொஞ்சம் நின்றார். ஒருநாள் பாடத்தின் நடுவே மின்சாரம் போய்விட்டது. துறைத்தலைவர் நிறுத்தவேயில்லை. கும்மிருட்டில் விலைவாசி ஏன் ஏறுகிறது என்று நாற்பது நிமிஷம் பேசினார். விளக்கு வந்ததும் பார்த்தால், முப்பத்தொரு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நழுவிப் போக அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது, ஒருவரும் போகவில்லை. அக்கா ஐந்து போட்டார். 'இங்கே படிக்க வருமாறு பிறரிடம் சொல்வீர்களா?' என்பது கடைசிக் கேள்வி. அதற்கும் ஐந்து.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், மறந்துபோன தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்த கூரியர் பின்னால் நிற்கிறார். திரையைப் படித்துவிட்டார்.

"அக்கா! ஒண்ணா? ஒண்ணு போட்டிருக்கீங்களா? அதுவும் ரெண்டு எடத்துல!"

"நாலு எடத்துல. ரெண்டு திரையில மேல போயிடுச்சு."

"எங்க எல்லாரையும் நட்டாத்துல விட்டுட்டீங்களேக்கா!"

அன்று மாலைக்குள் செய்தி வகுப்பு முழுக்கப் பட்டுவாடா ஆகிவிட்டது. கூரியராயிற்றே. வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது பெஞ்சில் அக்கா தனியாக உட்கார்ந்தார், ஆணி மட்டும் துணை. நர்ஸும் பேசவில்லை. ஆனால் அக்கா கழிப்பறைப் பக்கம் எழுந்து போனால், நர்ஸும் பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே நின்றார். பேச்சு வேறு, காவல் வேறு.

தொழிற்சாலையில் அந்த வாரம் ஒரு சட்டையின் காலரில் தையல் அரை அங்குலம் விலகியிருந்தது. 'போகட்டும், யாருக்குத் தெரியப் போகிறது' என்று அக்காவின் கை ஒரு கணம் தயங்கியது. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. பிறகு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டியது. ஆனால் அந்தத் தயக்கத்தை நினைத்து அன்று முழுக்க ஒவ்வொரு சட்டையையும் இரண்டு தடவை பார்த்தார்.

மூன்று வாரம் கழித்துத் துறைத்தலைவர் இரண்டாவது கடிதத்தோடு வந்தார். உட்காராமலே படித்தார்.

"பெறப்பட்ட படிவங்கள் முப்பத்தொன்று. எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே விடை அளித்தவை படிக்காமல் நிரப்பப்பட்டவையாகக் கருதப்பட்டு நீக்கப்படும். நீக்கப்பட்டவை முப்பது. ஏற்கப்பட்டது ஒன்று."

 முப்பது தலைகளும் மெல்ல மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பின.

"எவ்வளவு சார் வந்திருக்கு?" என்றார் நர்ஸ்.

"அதை எழுதல. நாளைக்குக் குழு நேர்ல வருதாம்." துறைத்தலைவர் அக்காவைப் பார்த்தார். குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. "ஏம்மா, மொத்தம் கூட்டிப் பார்த்தியா?"

"இல்ல சார். கூட்டினா கை தானா மாத்திப் போட்டுடும்னு கூட்டல."

குழுவில் மூன்று பேர். ஒருவர் கண்ணாடி போட்டிருந்தார், ஒருவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், தலைமை தாங்கிய அம்மையார் இரண்டுமில்லாமல் அறையெங்கும் ஒட்டியிருந்த சிவப்பு அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியைத் தொட்டார். சுவிட்சைப் போட்டார், விளக்கு எரியவில்லை. ஜன்னலை இழுத்தார், மூடவில்லை.

"யாரு ஒட்டினது இதெல்லாம்?"

"நான்தாம்மா" என்று எழுந்தார் அக்கா.

"அந்த ஒரு ஃபார்மும் உங்களோடதா?"

"ஆமாம்மா."

"இவ்வளவு குறை சொல்லியிருக்கீங்க. நாலு எடத்துல ஒண்ணு. ஆனா கடைசிக் கேள்வியில, இங்க வந்து படின்னு மத்தவங்ககிட்ட சொல்வேன்னு அஞ்சு போட்டிருக்கீங்களே. இடிக்குதே?"

அக்கா கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கேட்டது வேலை விஷயம். வேலை விஷயத்தில் அவருக்கு நாக்கு நடுங்காது.

"அம்மா, தேறாத சட்டைக்கு நாங்க ஸ்டிக்கர் ஒட்ட மாட்டோம். அப்படியே கழிச்சு மூட்டையில போட்டுடுவோம். துணி நல்ல துணி, கொஞ்சம் பிரிச்சுத் தைச்சா நிக்கும்னு தெரிஞ்சாத்தான் ஒட்டுவோம். இங்க துணி நல்ல துணிம்மா. இருட்டுல பாடம் எடுக்கிற வாத்தியாரும், வேலை முடிஞ்சு சாப்பிடாமக்கூட வந்து உக்கார்ற முப்பது பேரும் வேற எங்க கிடைப்பாங்க? தையல்தான் அங்கங்க விட்டிருக்கு."

கண்ணாடி போட்டிருந்தவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சராசரி மூன்றுக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. எத்தனை பேரின் சராசரி என்று எங்கும் இல்லை. எழுதியவர்களுக்கு இப்படி ஒரு வகுப்பு இருக்கும் என்று தோன்றியிருக்காது.

"மொத்தம் எழுபத்து மூணு" என்றார் அம்மையார், தாளைப் பார்த்து. "மூணு புள்ளி பூஜ்ஜியம் நாலு."

துறைத்தலைவர் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு கேள்விகளில் அக்கா கொஞ்சம் முகம் சுளித்திருந்தால் கதை முடிந்திருக்கும். முப்பது பேரின் எழுநூற்று இருபது ஐந்துகள் குப்பைக்குப் போக, ஒருத்தியின் மூன்றே சொச்சம் வகுப்பைத் தூக்கி நிறுத்திவிட்டது.

"பிரிவு தொடரலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டார் அம்மையார். போகும்போது, "அந்த ஸ்டிக்கர் எங்க கிடைக்கும்?" என்று அக்காவைத் தனியாகக் கேட்டுவிட்டுப் போனார்.

கூரியர் வந்து எதிரே நின்றார். "அக்கா, மன்னிச்சிடுங்க. நான் போய் உங்கள..."

"பரவால்ல விடு. அடுத்த தடவையாவது ஃபார்மைப் படிச்சுப் போடு. முகவரி பார்க்காம பார்சல் கொடுப்பியா நீ?"

கணவர் அன்றிலிருந்து, பழுதாகி நடுவில் நின்ற லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம்கூட இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர்களால் எங்கும் ஓட முடியாதே. "அந்த யுனிவர்சிட்டியில கருத்துன்னு ஒண்ணு இருந்துச்சுன்னா அது எங்க வீட்டம்மாவோடது மட்டும்தான் சார்!"

அடுத்த ஆண்டு படிவம் வந்தபோது துறைத்தலைவர், "அவங்கவங்க பார்த்துப் போடுங்கப்பா" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். கணினி அறையில் முப்பத்தொரு பேரும் உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க, அவர் பிரசவ அறை வாசலில் நிற்பவர்போல் வெளியே நடந்துகொண்டிருந்தார். முதலில் வந்தவர் கூரியர்.

"சார், போர்டுல உங்க கையெழுத்துக்கு ரெண்டு போட்டுட்டேன்."

"ரெண்டா?" துறைத்தலைவர் சிரித்தார். "நியாயமா ஒண்ணுதான்பா போட்டிருக்கணும்."

கடைசியாக வந்தவர் அக்கா. நர்ஸ் வாசலிலேயே மடக்கினார்.

"கழிப்பறைக்கு எவ்வளவுக்கா போட்டீங்க?"

"ரெண்டு. தாழ்ப்பாள் வந்துடுச்சுல்ல. தண்ணி வரட்டும், மூணு போடறேன்."

நூலகம் இப்போது எட்டு மணி வரை திறந்திருக்கிறது. அடையாள அட்டையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் அந்தப் பக்கம் நடந்தார்கள்.