மாதம் அரை அங்குலம் வளர்ந்த வண்டி

தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். தொழில் கண்ணாடி. ஜன்னலுக்கும் கதவுக்கும் அளவெடுத்து, வெட்டி, தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பொருத்திவிட்டு வருவார். இரண்டடி நீள ரசமட்டம் ஒன்று எந்நேரமும் அவர் கக்கத்தில் இருக்கும். அதிலுள்ள காற்றுக்குமிழ் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். மாமனார் வீட்டுக்கு முதல்முறை போனபோது, சுவரில் மாட்டியிருந்த படத்தை நேராக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமனார் எழுந்துபோய் அதைப் பழையபடி சாய்த்து வைத்தார். இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

இப்பேர்ப்பட்டவர் வண்டியைத் தூக்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடம். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள், அத்தனையும் அவர் பொறுப்பு. பாதை என்று ஒன்று இல்லை, கருங்கல் ஜல்லிதான். முதல் நடையிலேயே வண்டியின் வயிறு கல்லில் உரசி, இரண்டு கண்ணாடி போயிற்று. "அடுத்த தடவை உயரமான வண்டியில வாங்க, இல்லேன்னா உயரமான வண்டி வச்சிருக்கிறவரை வரச் சொல்லுங்க" என்றார் மேஸ்திரி.

உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, இதைக் கேட்டதும் துள்ளி எழுந்தான்.

"ரெண்டே ரெண்டு அங்குலம் தூக்கிடலாம் மாமா. வண்டி சும்மா சிங்கம் மாதிரி நிக்கும்."

"அப்புறம் தேய்மானம், பராமரிப்பு?"

"பெருசா ஒண்ணுமில்ல. வாரத்துக்கு ஒரு தடவை அடியில குனிஞ்சு பாருங்க. போல்ட்டெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று மச்சான் சொன்ன எந்தக் காரியமும் அதுவரை அவ்வளவோடு முடிந்ததில்லை. ஆனாலும் இவர் நம்பினார். அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக, வண்டிக்கு அடியில் ஒரு போல்ட் உண்டு, இறுக்கினால் அந்தப் பக்கம் உயரும், தளர்த்தினால் இறங்கும். வண்டி இரண்டு அங்குலம் உயர்ந்தது. கல் பாதையில் ஒரு கீறல் இல்லாமல் போய் வந்தது. மேஸ்திரி தலையாட்டினார்.

இரண்டு மாதத்தில் முன்சக்கர டயர்கள் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்து நூல் தெரிந்தது. வெளிப்பக்கம் புத்தம்புதுசு. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டால் வண்டி தானாக ஓரம் கட்டியது.

அலைன்மென்ட் பார்ப்பவரிடம் போனார். எந்தக் கோளாறையும் ஸ்பானரை அரைச் சுற்றுத் திருப்பியே தீர்த்துவிடுவதால் அவருக்கு அரைச்சுத்து என்று பெயர். அவர் சக்கரக் கோணங்களைச் சரிசெய்து, கம்ப்யூட்டரில் காகிதம் எடுத்துக் கையில் கொடுத்தார். எல்லாம் பச்சை. இருபதாம் நாள் இவர் மறுபடி போய் நின்றார். எல்லாம் சிவப்பு.

"அண்ணே, இப்பத்தானே சரி பண்ணேன்?"

"அதைத்தானே நானும் கேக்குறேன்?"

அரைச்சுத்து சாலையைக் குறை சொன்னார். டயர் கடைக்காரர் காற்றைக் குறை சொன்னார். மச்சான் எல்லோரையும் குறை சொன்னான். ஆளுக்கொரு காரணம், எல்லாக் காரணமும் நியாயமாகவே இருந்தது. இவருக்குத் தலை சுற்றியது. வேகமெடுத்தால் அடியில் ஒரு நடுக்கம் வேறு சேர்ந்துகொண்டது.

வண்டியின் உயரம் கூடிக்கொண்டே போவதை முதலில் கண்டுபிடித்தது மனைவி. புதிதில் காலைத் தூக்கி வைத்து ஏறினாள். பிறகு கதவைப் பிடித்து ஏறினாள். ஐந்தாவது மாதம், பிளாஸ்டிக் ஸ்டூல் இல்லாமல் ஏற முடியவில்லை.

"ஏங்க, இந்த வண்டி வளருது."

"இரும்பு எப்படிம்மா வளரும்? உனக்கு முழங்கால் வலி."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் யாரிடமும் சொல்லாத விஷயம். மறைக்க வேண்டும் என்றில்லை, தினமும் தலை வாருவதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, கண்ணாடி சாத்தும் இரும்புச் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். குமிழ் நடுவில் இராது. இடப்பக்கம் தாழ்ந்திருந்தால் அடியில் படுத்து இடப்பக்கப் போல்ட்டை இறுக்குவார். சரக்கு ஏற்றுவதற்காக வண்டியைப் பின்னோக்கி விட்டிருக்கும் வாரங்களில் வலப்பக்கம் தாழ்ந்திருக்கும். அப்போது வலப்பக்கத்தை இறுக்குவார். எதிர்ப்பக்கத்தைத் தளர்த்தலாமே என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. இறக்குவதற்கா காசு கொடுத்துத் தூக்கினோம்?

இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கையில் வண்டியின் தகுதிச் சோதனைக்கு நாள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. தேறாவிட்டால் வண்டி சாலையில் இறங்கக் கூடாது. பள்ளியில் இன்னும் நாற்பது ஜன்னல் பாக்கி. உயரமான வண்டிக்காரர் ஒருவரை மேஸ்திரி ஏற்கெனவே விசாரித்துவிட்டதாகக் காற்றுவாக்கில் சேதி.

வியாழன் காலை அரைச்சுத்து வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தார். சக்கரத்துக்கு விசை போகும் தண்டின் மூட்டில் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வழிந்திருந்தது. டேப்பை வைத்தார்.

"ரெண்டு அங்குலம்னு சொன்னீங்க. முன்னாடி நாலரை இருக்குண்ணே."

"நாலரையா? யாரு தூக்குனது?"

"என்னைக் கேட்டா?"

மச்சானுக்கு போன் போட்டார்கள். "என் பிள்ளை மேல சத்தியமா ரெண்டுதான் மாமா" என்றான். அவனுக்குப் பிள்ளை இல்லை.

அரைச்சுத்து முன்பக்கத்தை இரண்டு அங்குலத்துக்கு இறக்கி, உறை மாற்றி, புது டயர் போட்டு, கோணம் பார்த்துக் காகிதம் கொடுத்தார். "இனிமே யாரும் இதுல கை வைக்கக் கூடாது" என்றார். இவரும் ரொம்பக் கோபமாக, "எவனாவது தொடட்டும், பார்க்கிறேன்" என்றார்.

சாயங்காலம் முற்றத்தில் நிறுத்திவிட்டு ரசமட்டத்தை வைத்தார். குமிழ் ஓடியே போய்விட்டது.

"நாளைக்குச் சோதனைய வச்சுக்கிட்டு இந்த ஆளு கோணலா அனுப்பிட்டானே!" ஸ்பானரோடு அடியில் புகுந்தார். இரண்டு இழுப்பு இழுத்திருப்பார். முதுகுக்குக் கீழே ஜில்லென்று தண்ணீர் ஓடிவந்து சட்டை பூராவும் நனைந்தது. மனைவி முற்றம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கமா ஊத்தக் கூடாதா?"

"எந்தப் பக்கம் ஊத்தினாலும் இந்தப் பக்கம்தான் வரும். ஒரு சொட்டு தேங்கக் கூடாதுன்னு கொத்தனாரை ரெண்டு நாள் நிக்க வச்சுச் சரிவு போட்டது யாரு? உங்க மட்டத்தை வச்சுத்தானே போட்டீங்க?"

வண்டிக்கு அடியில் ஸ்பானர் டங்கென்று தரையில் விழுந்தது.

"ஏங்க, உயிரோடதானே இருக்கீங்க?"

இருந்தார். ஆனால் இப்போது வேறொரு குழப்பம். இரண்டு இழுப்பு என்றால் கால் சுற்றா, அரைச் சுற்றா? திருப்பித் தளர்த்தலாம், எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. அன்று முதல்முறையாக அவர் தன் கையை நம்பவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியோடு அரைச்சுத்துவின் வீட்டு வாசலில் போய் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். அரைச்சுத்து பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசமா எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

"சேச்சே. ரெண்டு வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தேன்."

அரைச்சுத்து மறுபடி அளந்து போல்ட்டைச் சரிசெய்து அனுப்பினார். ஒன்பது மணிக்குச் சோதனை அதிகாரி டேப் வைத்தார், டயரைத் தடவினார், ஸ்டியரிங்கை ஆட்டினார். "லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்குது, இறக்குங்க" என்றார். அங்கேயே திருகி இறக்கினார்கள். தேறிவிட்டது. "நான்தான் அப்பவே சொன்னேனே மாமா, பராமரிப்பே வேணாம்னு" என்றான் மச்சான்.

மத்தியானம் பத்து ஜன்னல் மாட்டிவிட்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். வண்டி நேராக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கோணலாக நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. எதை நம்புவது?

"ஸ்பானரை எங்கே வச்சே?"

"எந்த ஸ்பானர்?"

இனிமேல் தேவைப்படாத பிளாஸ்டிக் ஸ்டூலை வண்டியிலிருந்து எடுத்து, முற்றத்தில் போட்டு உட்காரப் போனாள் மனைவி. அதற்குள் அவர் குனிந்து, ரசமட்டத்தை ஸ்டூல் மேல் வைத்துவிட்டார்.

"ஏங்க, அதுவும் கோணலாத்தான் காட்டும். அதோட காலைச் சீவிடாதீங்க."