ஜெனோவா என்னிடம் மட்டும் சொன்னது

நான் இப்போது வாழும் வெளிநாட்டு ஊரான அபர்தீனில், எங்கள் ஆலயத்தில், கல்லூரி மாணவர்களுக்குத் துணை நிற்கும் மூத்தவர்களை 'மென்டர்' என்கிறார்கள். நானும் ஒருத்தி. முதல் நாளே ஒரு விதி சொன்னார்கள்: கேட்காமல் அறிவுரை சொல்லக் கூடாது, தோன்றினால் "சொல்லலாமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. பேருந்துக்கு நிற்கும் முன்பின் தெரியாதவருக்கும் மாப்பிள்ளை பார்ப்பது வரை யோசனை சொல்லும், மண்டபம் என்ற கடலோர ஊர்க்காரி நான்.

என்னிடம் வந்தவள் ஃபியோனா, பொறியியல் மாணவி. ஒரு சனிக்கிழமை ஆலயக் கூடத்தில், படிப்பை விடப்போவதாகவும் வீட்டுக்கு இன்னும் தெரியாது என்றும் சொல்லி அழுதாள். "கவலைப்படாதே, உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன்" என்று அவள் கையைப் பிடித்தேன். எங்கள் பக்கத்தில் அதைவிட ஆதரவான பேச்சு கிடையாது. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அம்மாவிடமா? நான் உங்களிடம்தானே சொன்னேன்?"

அதைக் கேட்டதும் எனக்கு ஜெனோவாவின் நினைவு வந்தது. கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன், மண்டபத்தில் பங்குக் கோயில் நடத்திய மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டாவது முடித்திருந்த ஜெனோவா அங்கே வருவாள். அவள் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டதை என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அய்யாவுக்குத் தெரிஞ்சா அத்தை மகனுக்கு இப்பவே கட்டி வச்சிருவாரு. யாருகிட்டயும் சொல்லிராதீக டீச்சர்."

நான் பேசினால் அவர் கேட்பார் என்று எனக்கு அப்படியொரு நம்பிக்கை. ஞாயிறு பூசை முடிந்ததும் அவரிடமே போய், மகளைப் படிக்க வைக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்லவேளை சொன்னீக டீச்சர்."

அடுத்த ஞாயிறே ஆலயத்தில், அத்தை மகனோடு அவள் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையை வாசித்தார்கள். அவள் அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை.

எத்தனையோ முறை குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. நல்லெண்ணத்தோடு செய்ததைப் பாவமென்று எண்ண எனக்குத் தெரியவில்லை. ஃபியோனா கையை உருவிக்கொண்ட மறுநாள் பூசையில், வழக்கப்படி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்திலிருந்தவர் கை நீட்டியபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வாரமே ஃபியோனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜெனோவாவின் தொலைபேசி எண்ணையும் தேடிப் பிடித்தேன்.

அவளைக் கூப்பிட்டு, அவள் அப்பாவிடம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"நல்லதுக்குத்தான் சொன்னாகன்னு ஊரே சொல்லுச்சு. நம்பிச் சொன்ன எனக்குத்தான் போக ஒரு எடம் இல்லாமப் போச்சு. மன்னிச்சுட்டேன்னு வாயால சொல்லிரலாம் டீச்சர். மனசு வரணும்ல?"

"வர வேண்டாம் ஜெனோவா. சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தன் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"எம் மக பத்தாவது படிக்கிறா. எதையோ மனசுல வச்சு மருகுறா, எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குறா. நீங்க பேசுங்க. அவ சொல்றத எங்கிட்டக்கூடச் சொல்லிராதீக."

ஃபியோனா படிப்பை விட்டுவிட்டாள். அம்மாவிடம் அவளே சொன்னாள். ஜெனோவாவின் மகள் வாரம் ஒருமுறை என்னோடு பேசுகிறாள். ஞாயிறு மன்றாட்டின்போது ஃபியோனாவுக்காக ஆங்கிலத்தில் வேண்டுகிறேன். சுற்றியிருப்பவர்களின் குரலோடு அது சேர்ந்துகொள்கிறது. பிறகு வாய்க்குள் தமிழுக்கு மாறுகிறேன். ஜெனோவாவின் மகள் சொன்னது எதையும் ஆண்டவரிடம்கூடச் சொல்வதில்லை. அவள் பெயரைச் சொல்லி, அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.