பக்கத்து சீற்றுக்கு ஏத்த ஸ்பிரிங்

கார் சஸ்பென்ஷன் விக்கிற கடையில கவுண்டருக்குப் பின்னால நிக்கிறவனுக்கு ரெண்டு காது மட்டும் காணாது, நல்ல தொண்டையும் வேணும். சனம் ஃபோன் எடுத்து "கார் சத்தம் போடுது" எண்டும். என்ன சத்தமெண்டு கேட்டா, "அது ஒரு மாதிரிச் சத்தம்" எண்டும். பிறகு நான்தான் ஒவ்வொண்டாய் எடுத்து விடவேணும். டொக் டொக்கோ, கிறீச்சோ, குடுகுடுவோ? அங்கால "ஓம் ஓம், இதேதான்" எண்டு ஒரு சந்தோசக் குரல் வந்தா, என்ன பழுதெண்டு எனக்கு விளங்கிடும். செவன் ஹில்ஸில எங்கட கடைக்குப் பக்கத்து ஷெட்டில வேலை செய்யிறவங்கள் எனக்கு விசரெண்டு கனகாலத்துக்கு முதலே முடிவெடுத்திட்டாங்கள்.

பழைய கார் வச்சிருக்கிறவைக்கும், பழைய கார் வச்சிருக்கிறவரைக் கட்டினவைக்கும் நான் சொல்லப்போறது புதினமா இராது. நீங்களும் பட்டிருப்பியள்.

மஞ்சள் கார்

குணம் அண்ணை முதன்முதல் வந்த நாள், கார் வர முதல் அதின்ர சத்தம் வந்திட்டுது. எழுபதுகளில இங்கையே செய்த ரெண்டு கதவு வி8 எஞ்சின் கார், நல்ல மஞ்சள். மனுசன் இந்த நாட்டுக்கு வந்த புதுசில பெற்றோல் ஷெட்டில வேலை செய்யேக்க இப்பிடி ஒண்டுக்குப் பெற்றோல் அடிச்சவராம். அண்டைக்கே வீட்ட போய் மனுசிக்குச் சொல்லியிருக்கிறார், "ஒருநாள் இப்பிடி ஒரு கார் வாங்கி, உன்னை அதில இருத்தி மெல்பேணுக்கு ஓடுவன்" எண்டு. அப்ப ரெண்டு பேரும் பஸ்சில திரிஞ்ச காலம். மகள் வளந்து, கலியாணம் கட்டி, மெல்பேணுக்கே போய்க் குடியிருந்த பிறகுதான் கார் வந்தது. இனி ஓடவேண்டியதுதான் பாக்கி.

"றவுண்டபவுட்டில திருப்பினா கப்பல் மாதிரிச் சரியுது தம்பி. இதோட ஹைவேயில ஏறேலாது" எண்டார். நாங்கள் ரெண்டு பேரும் குனிஞ்சு காருக்குக் கீழ பாத்துக்கொண்டு நிண்டம். முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங், பின்னுக்குப் பட்டை ஸ்பிரிங், எல்லாம் பழசு, களைச்சுப்போய்க் கிடந்துது. அவற்ர மனுசி வசந்தி அக்கா பக்கத்து சீற்றில, மடியில ஹாண்ட்பாக்கோட, இறங்காமலே இருந்தா. அவவுக்கு முதுகில ஒரு பழைய வருத்தம். எங்கட ரெண்டு முதுகையும் பாத்துக்கொண்டு சொன்னா: "எனக்கெண்டா இப்ப இருக்கிறதே தொட்டில் மாதிரிச் சுகமாத்தான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நிபுணர்கள்

சஸ்பென்ஷன் தெரிவு செய்யிறதெண்டா ஒரு முறை இருக்கு. கார் எங்கை ஓடப்போகுது, ஆர் ஏறப்போயினம், எவ்வளவு பாரம், இதுகளைக் கேட்டுத்தான் சாமான் எடுக்கவேணும். நடக்கிறது வேற. ஞாயிறு காலமை ஒரு கார் பார்க்கில பழைய கார்க்காரர் எல்லாரும் கூடி, கோப்பிக் கப்போட ஒவ்வொரு காருக்கும் தீர்ப்புச் சொல்லுவினம். அங்கை ஒரு வெள்ளைத்தாடி வெள்ளைக்காரர், ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில கையை விட்டுப் பாத்து, பிணம் பாத்த டொக்டர் மாதிரித் தலையை ஆட்டுவார். "டூ ஹை, மேட்." கார் உயரம் கூடவாம், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு எங்கட கடை அடுத்த திங்கள் நிரம்பும். (அந்தத் தலையாட்டலை நான் செய்து காட்டினா எங்கட மெக்கானிக் செந்தில் சிரிச்சுச் சிரிச்சு ஸ்பானரைக் கீழ போட்டிடுவான்.)

குணம் அண்ணையும் அப்பிடித்தான் திங்கள் வந்தார். காரைப் பதிக்கிற கட்டை ஸ்பிரிங், ஆக இறுக்கமான ஷொக் அப்சோபர், தடிச்ச ஸ்வே பார், பொருத்திலயெல்லாம் ரப்பரை எடுத்துப்போட்டுக் கடும் பிளாஸ்ரிக் புஷ். வளைவில கார் சரியாமல் இருக்க ஸ்வே பாரும் நல்ல ஷொக்கும் போதும், மிச்சத்தை மெத்தெண்டு விடலாம். ஒருக்காச் சொல்லிப் பாத்தன். அவர் வெள்ளைத்தாடி சொன்னதைத் திருப்பிச் சொன்னார். நான் ரெண்டாந்தரம் சொல்லேல்லை. எல்லாத்தையும் பூட்டி முடிச்ச செந்தில், கோயம்புத்தூர்க்காரன், கையைத் துடைச்சுக்கொண்டே சொன்னான்: "ஒவ்வொரு சாமானும் தலைவருதாங்ணா. ஒரே வண்டியில இத்தனை தலைவரைப் போட்டா, பாவம் பின்னாடி தொண்டன் யாருங்ணா?"

ஹரிஸ் பார்க் மேடு

குணம் அண்ணைக்கு முதல் நாள் சந்தோசம். வளைவில தண்டவாளத்தில போற மாதிரிப் போகுதாம். ரெண்டாம் நாள் வசந்தி அக்காவை ஏத்திக்கொண்டு ஹரிஸ் பார்க்குக்கு இனிப்பு வாங்கப் போயிருக்கிறார். அங்கை றோட்டில வேகத்தைக் குறைக்க மேடு போட்டிருக்கிறது உங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தால கடைக்கு ஃபோன். அக்கா. நான் வழமை போல, "என்ன சத்தம் அக்கா, டொக் டொக்கோ?" எண்டன். "நீர் கொஞ்சம் வாயை மூடும். நான் போட்டுக் காட்டுறன்" எண்டா. போட்டுக் காட்டினா. முன் ரயர் ஏறேக்க ஒரு "டங்", இறங்கேக்க அடி ரப்பரில மோதி ஒரு "டொம்", அதுக்குப் பிறகு புஷ் ஒரு "கிறீஈஈச்". நேரம் பிசகேல்லை. கடைசியா, இது எதிலயும் சேராத மெல்லிய ஒரு "ஆ". "அது என்ன அக்கா, எந்தச் சாமான்?" எண்டு கேட்டன். "அது நான்."

இனிப்புப் பெட்டியோட அவ ரயில் ஏறிட்டா. இவர் காரில. அவதான் முதல் வீட்ட போய்ச் சேர்ந்தவ. ஃபோனை வைக்க முதல் சொன்னது: "இனி என்னை இதில ஏத்திறதெண்டா மயக்க ஊசி போட்டுத்தான் ஏத்தவேணும்."

கவுன்சில் கிளீனப்

அடுத்த நாள் குணம் அண்ணை தனியத்தான் வந்தார். பக்கத்து சீற்றில ஹாண்ட்பாக்கும் இல்லை, ஆளும் இல்லை. "பழையதையே திருப்பிப் பூட்டு தம்பி. சரிஞ்சாச் சரியட்டும்" எண்டார். நான் சந்தோசப்பட்டன். கழட்டின சாமானை நாங்கள் எறியிறேல்லை, காரின்ர டிக்கியிலயே வச்சுக் குடுத்து விடுறது எங்கட வழக்கம். "கொண்டாங்கோ, மத்தியானத்துக்குள்ள பூட்டிடலாம்" எண்டன்.

கேட்டுக் கேட்டுத்தான் விசயம் வெளியில வந்தது. அந்தக் கிழமை அவற்ர தெருவில கவுன்சில் கிளீனப். பழைய மெத்தை, உடைஞ்ச கதிரையெல்லாம் வாசலுக்கு வெளியில வச்சா லொறி வந்து அள்ளும். கராஜைத் துப்பரவாக்கிறனெண்டு ஸ்பிரிங்குகளையும் கொண்டுபோய் வச்சிருக்கிறார். லொறி வர முதலே ஆரோ ஒருத்தன் பின்னால தட்டு வச்ச யூட் வாகனத்தோட வந்து, பட்டை ஸ்பிரிங்கைத் தனியத் தூக்கேலாமல் நிண்டிருக்கிறான்.

"பிறகு?" எண்டன்.

குணம் அண்ணை நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார்: "நான்தான் தம்பி மற்றப் பக்கம் பிடிச்சு ஏத்தி விட்டனான்."

சத்தமில்லாத சத்தம்

அந்தப் பழசு மாதிரி மெத்தெண்ட ஸ்பிரிங் இப்ப பெட்டியில வாறேல்லை. சொல்லிச் செய்விக்க வேணும். அதுக்கு நாள் எடுத்தது. வெள்ளைத்தாடியின்ர சாமான் ஒவ்வொண்டையும் செந்தில் கழட்டினான், ஸ்வே பாரை மட்டும் விட்டான். புஷ்சுக்குத் திரும்ப ரப்பர். ஷொக்கும் மெத்தெண்டது. இந்தமுறை சாமான் எடுக்க முதல் நான் வசந்தி அக்காவுக்கு ஃபோன் பண்ணி, எவ்வளவு நேரம் ஒரேயடியா இருக்க ஏலும், முதுகில எந்தப் பக்கம் நோகிறதெண்டெல்லாம் கேட்டன். "இதை நீர் முதலே கேட்டிருக்கலாம்" எண்டு மட்டும் சொன்னா. கோவமெண்டுமில்லை.

ஸ்பிரிங் வந்த கிழமைதான் மகளுக்கு நாளுக்கு முதலே பிள்ளை பிறந்தது. அக்கா இருந்த உடுப்போட ப்ளேன் ஏறிட்டா. இப்ப மெல்பேண் ஸ்பிரிங்வேலில மகளோட. பிள்ளை நடக்கும் மட்டும் அங்கைதானாம். காலமை பிள்ளையைத் தள்ளுவண்டிலில வச்சுக்கொண்டு மரக்கறிக் கடைக்குப் போறாவாம். "அந்த வண்டிலுக்கு நல்ல சஸ்பென்ஷன்" எண்டு எனக்கு ஒரு செய்தியும் அனுப்பினா. "நீங்கள் காரிலயே போய்ப் பாக்கலாமே அண்ணை?" எண்டு கேட்டன். "தனியப் போறதெண்டா எனக்கும் ப்ளேன்தான் தம்பி. போகேக்க அவள் பக்கத்தில இருக்கவேணுமெண்டுதானே இவ்வளவும்" எண்டார்.

கார் முடிஞ்சு பரிசோதிச்சுப் பாக்க நானும் அவரும் போனம். அவர் ஓடினார், நான் பக்கத்து சீற். நான் சொல்லாமலே ஹரிஸ் பார்க் பக்கம் திருப்பினார். அதே மேடு. கார் ஏறினது, இறங்கினது. நான் பழக்கத்தில வாயைத் திறந்தன், போட்டுக் காட்ட ஒரு சத்தமும் இருக்கேல்லை. குணம் அண்ணை ஓரமா நிப்பாட்டி, ஃபோனை ஸ்பீக்கரில போட்டு மனுசியைக் கூப்பிட்டு, ஃபோனை என்ர மடியில வச்சிட்டு, திரும்பவும் ஒருக்கா அந்த மேட்டில ஏத்தி இறக்கினார்.

"வசந்தி, கேட்டதோ? ஒரு சத்தமும் இல்லை."

அங்கால அக்காவின்ர குரல், மெதுவா: "சத்தமில்லாட்டி நான் என்னத்தைக் கேக்கிறது? வையுங்கோ, பிள்ளை இப்பத்தான் கண் மூடினது."

எங்கட கடையில ஸ்பிரிங்குக்கு வாரண்டி, ஷொக்குக்கு வாரண்டி, புஷ்சுக்கும் வாரண்டி இருக்கு, பக்கத்து சீற்றில ஆள் இருக்கிறதுக்கு மட்டும் ஒருத்தரும் வாரண்டி குடுக்கிறேல்லை.