"இதுக்கு மருந்து போட்டனானா?"

மூதூரில் என்னை வாய்க்காரன் என்பார்கள். நான் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் காய்ச்சலோ என்று வீட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

நண்பன் நசீர் வயலில் பன்றி இறங்காமல் காக்க, உரிமம் எடுத்துத் துப்பாக்கி வைத்திருந்தான். சுட்டுக் காலியான தோட்டாக் கோதுகளுக்கு வீட்டிலேயே வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போடுவான். அந்த நேரம் மட்டும், "கதையாத மச்சான்" என்பான். சந்தேகம் வந்தால் கோதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடியும் நிறுப்பான்.

போன வருடம் ஒரு பின்னேரம் நான் கதைத்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் கதிரை உடைந்து, பெண்ணின் தகப்பன் மடியில் நான் போய் விழுந்த கதை. நசீர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு ஒரு கோதைக் காட்டி, "இதுக்கு மருந்து போட்டனானா?" என்று கேட்டான்.

நான் பார்க்கவேயில்லை. கதை தடைப்படுகிறதே என்ற அவசரத்தில், "இல்ல மச்சான், போடு" என்றேன். அன்று அவன் கோதைக் கவிழ்க்கவில்லை. என் வாயை நம்பினான். அதற்குள் தேத்தண்ணி வந்தது, கதையும் பாதியில் நின்றது.

அந்தக் கோதில் மருந்து இரண்டு தரம் விழுந்திருந்தது. மறுநாள் வயலில் அதைச் சுட்டபோது துப்பாக்கி அவன் முகத்தருகே வெடித்துச் சிதறியது. வலது கண் போய்விட்டது.

இப்போது யார் எதை அளந்தாலும் நான் ஊமை. குசினியில் மனைவி, "உப்புப் போட்டனானா?" என்று கேட்டால்கூட, "தெரியாது, ருசி பாருங்க" என்கிறேன்.

நசீர் என்னைக் குற்றம் சொன்னதில்லை. "தகப்பன்ர மடியில விழுந்தாய், பிறகு என்னடா நடந்தது?" என்று இன்றும் கேட்கிறான். மிச்சக் கதையைச் சொல்ல எனக்கு ஏலவில்லை.