பூட்டிய வீட்டுக்குள் ஜெனி

களப்பணிக் கையேடு, விதி ஒன்பது: மூன்று முறை சென்றும் வீடு பூட்டியிருந்தால், மேற்பார்வையாளர் நேரில் விசாரித்த பிறகே அந்தக் குடும்பத்தைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். இந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஆரம்பாக்கத்தில் ஒரு குடும்பத்தை விசாரிக்காமலே நீக்கிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், குழந்தைகளின் தொடக்ககால வளர்ச்சி பற்றிய ஓர் ஆய்வில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். பட்டியலில் உள்ள வீடுகளுக்கு வாரந்தோறும் ஒரு பயிற்சியாளர் போவார். வளர்ச்சி தாமதமான குழந்தைக்கு விளையாட்டு வழியாகப் பேச்சுப் பயிற்சி தருவார், பெற்றோருக்கும் கற்றுத்தருவார். மூன்று வயது நிறையும் முன் சேர்ந்தால்தான் இடம். நான் நீக்கிய குடும்பத்தின் குழந்தை ஜெனிக்குப் பேச்சு வரவில்லை. மூன்று வயது நிறைய ஆறு வாரமே இருந்தது.

மாதக் கடைசியில் ஜெனியின் ஃபைலைப் புரட்டினேன். களப்பணியாளர் குமாரி மூன்று முறையும் ஒன்றையே எழுதியிருந்தாள்: ‘வீடு பூட்டியுள்ளது. உள்ளே ஃபேன் சத்தம்.’

“பூட்டின வீட்டுல ஃபேன் யாருக்கும்மா ஓடுது?”

“ஆஃப் பண்ண மறந்துட்டுப் போயிருப்பாங்க மேடம்.”

“மூணு வாட்டியுமா?”

மறுநாள் காலை இருவரும் போனோம். கதவில் பூட்டு. ஜன்னலைப் பலமாகத் தட்டினேன். தூக்கம் கலையாத முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. ஜெனியின் அப்பா டேவிட்.

“யாரும்மா அது? நைட் ஷிப்ட் பாத்துட்டு இப்பத்தான் படுத்தேன். ஒரே பேஜாரு.”

ஆய்விலிருந்து வருகிறோம் என்று சொல்லி, பூட்டைப் பற்றிக் கேட்டேன்.

“ஊட்டுக்காரி ஜெனரல் ஷிப்ட்டுக்குப் போம்போது பூட்டிக்கினு போயிடும் மேடம். ஜெனி தாப்பா தொறக்கக் கத்துக்கினா. நான் அசந்தா ரோட்டுக்கு ஓடிடுவா. லாரி போற ரோடு பக்கத்துலயே கீது. இந்தாங்க சாவி, நீங்களே தொறந்துகினு வாங்க.”

ஜன்னல் கம்பி வழியாகச் சாவி வந்தது.

“மூணு வாட்டி கதவத் தட்டினேனே அண்ணே!” என்றாள் குமாரி.

“நைட்டு பூரா மெஷின் சத்தத்துல நிக்கிறவன் நானு. நீ தட்டுனது கொசு கத்துன மாறி இருந்திருக்கும்.”

உள்ளே ஜெனி பாட்டில் மூடிகளைச் சுவரோரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். டேவிட் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை.

“பாத்தீங்களா மேடம்? இன்னா கூப்ட்டாலும் அப்டித்தான். கூப்ட்டா நின்னா போதும். இந்தப் பூட்டே வேணாம்.”

நீக்கிய குடும்பத்தை மறுபடி சேர்க்க ஒரே வழிதான் உண்டு: தவறு எங்களுடையது என்று காட்ட வேண்டும். விசாரிக்காமல் கையெழுத்திட்டேன் என்று எழுதி, ஜெனியைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பக் கடிதத்தை நானே தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். ஒருங்கிணைப்பாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது உங்க ரெக்கார்டுல ஏறுமே மேடம்?”

“ஏறட்டும். கவர்மெண்ட் சர்வீஸையும் சேத்தா முப்பது வருஷ ரெக்கார்டு. இதுக்கும் எடம் இருக்கும். நகல்ல தேதி சீல் போடுங்க.”

“சீல் எதுக்கு? நாங்க ஏமாத்துவமா?”

“ஏமாத்த மாட்டீங்க. தாமதிப்பீங்க.”

விண்ணப்பம் பெறப்பட்ட தேதியில் என்ன வயதோ, அதுதான் கணக்கு. அதுவும் கையேட்டில் இருக்கிறது. நான் சொன்னபடியே அவர்கள் தாமதித்தார்கள். இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன், இரண்டிலும் சீல் விழுந்த பக்கத்தை இணைத்தேன்.

களப்பணிக்கு வரும் இளையவர்களுக்கு இரண்டு விஷயம். பூட்டைக் கண்டதும் எழுதிவிடாதீர்கள். யார் பூட்டினார்கள், எதற்கு என்று கேட்டு எழுதுங்கள். கொடுத்த கடிதத்துக்குச் சீல் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

‘விண்ணப்பம் பெற்ற தேதியில் குழந்தை தகுதி வயதுக்குள் இருந்ததால், சேர்க்கை அனுமதிக்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஜெனிக்கு மூன்று வயது நிறைந்தது ஜூலை ஐந்து. பதில் வந்தது ஜூலை பதினான்கு.